சீட்டில்லாத காயைக் கொடுத்தது நான்தான்

நான் சிறுமி என்பதால் பெயரும் முகவரியும் தனித்தாளில் உள்ளன. வயது பதினான்கு. வகுப்பாசிரியை உடனிருக்கச் சொல்வதாவது:

என் அம்மா பூசணி ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை செய்கிறார். பக்கத்து வீட்டில் பெரியப்பாவும் பெரியம்மாவும் இருக்கிறார்கள். சுவர்த் தகராறால் பெரியம்மா எங்களுடன் பேசுவதில்லை. பெரியப்பா என்னிடம் மட்டும் பேசுவார்.

பண்ணையில் நூற்றுப்பன்னிரண்டு வகைப் பூசணிகள் உள்ளன. அவற்றில் காட்டுப்பூசணி கடுங்கசப்பு. ஆனால் அதற்குச் சாம்பல் நோய் வராது. அந்தக் குணத்தை நல்ல வகையில் சேர்க்கவே அதை வளர்க்கிறார்கள். பெண்பூவை விரியும் முன்பே நூலால் கட்டி, காலையில் கையால் மகரந்தம் தடவி, மறுபடி கட்டிச் சீட்டு மாட்டுவார்கள். சீட்டில்லாத காயில் தேனீ எந்த மகரந்தத்தைச் சேர்த்தது என்று தெரியாததால் விதையோடு புதைத்துவிட வேண்டும்.

சென்ற வருடம் அப்படிப் புதைக்க வைத்திருந்த காய் ஒன்றை, வீணாகிறதே என்று, அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்துப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். அதைச் சாப்பிட்ட பிறகு அவர், "சர்க்கரை மாதிரி இருக்கும்மா, விதை போடலாமா?" என்று கேட்டார். "தாராளமா போடுங்க பெரியப்பா" என்றேன். காட்டுப்பூசணிக் கலப்பு விதைக்குள்தான் இருக்கும், அந்த விதையில் முளைத்த கொடியின் காயில்தான் கசப்பு தெரியும், அந்தக் கசப்பே விஷம் என்பதைப் பிறகுதான் புத்தகத்தில் படித்தேன். அதற்குள் அவர் வீட்டுக் கொடியில் பிஞ்சு இறங்கியிருந்தது. அம்மாவுக்கு வேலை போய்விடும் என்ற பயத்தில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

கடந்த ஞாயிறு மதியம், "என்னடி இப்படிக் கசக்குது?" என்று பெரியப்பா கேட்டதும், "என் சமையல்னாலே உங்களுக்குக் கசப்புதான், பேசாம முழுங்குங்க" என்று பெரியம்மா சொன்னதும் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. அந்தக் கொடியின் பூசணிதான் என்று புரிந்து நான் ஓடிப்போய், சாப்பிட வேண்டாம் என்றேன். பெரியம்மா, "உங்கம்மா சொல்லிக் குடுத்து அனுப்பினாளா? என் வீட்டு அடுப்பு வரைக்கும் வேவு பாக்கணுமா அவளுக்கு?" என்று கதவைச் சாத்தினார். அதன் பிறகு பெரியப்பா வாந்தியெடுத்து மயங்கினார். மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறார். என்னைப் பார்க்க விடவில்லை.

விஷம் வைக்காமல் எனக்கு எப்படி முன்பே தெரியும் என்பதுதான் பெரியம்மா போலீஸில் கொடுத்த புகார். காயைத் தானே கொடுத்ததாக அம்மா நேற்று எழுதிக் கொடுத்தது என்னைக் காப்பாற்றவே. அது உண்மையல்ல.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். "விவரம் தெரியாமல் கொடுத்தேன்" என்றிருந்த வரியை, "புதைக்க வேண்டும் என்ற விதி தெரிந்தே கொடுத்தேன்" என்று மாற்றச் சொன்னேன். மாற்றி எழுதிய பிறகு, எல்லாம் நடந்தபடியே இருக்கிறது என்று கையொப்பமிடுகிறேன்.

(கையொப்பம்)