முனைக்கு அந்தப் பக்கம்

— நடந்தேவா வந்த? படகு என்னாச்சுக்கா?

— உன் தண்ணியில என் படகு மிதக்கணுமா? வேற வேலை இல்ல எனக்கு. பாறையெல்லாம் சுத்தி, முட்டி தேய நடந்து வந்திருக்கேன்.

— வந்ததும் ஆரம்பிச்சுட்டியா? என்ன இது, சொறி சிரங்கா, கிட்ட வந்தா ஒட்டிக்க?

— அதைவிடக் கேடுடா. தூக்கு அந்தக் கயித்த. கயித்துல வளத்த மட்டி எங்க இருக்கு இதுல? மெழுகு வழிஞ்ச மாதிரி கொழகொழன்னு மூடிக் கெடக்கே, அதுக்குள்ள. வாயத் தொறக்க வழியில்லாம செத்துக் கெடக்கு.

— எனக்கும் கண்ணு இருக்குக்கா.

— இருந்து என்ன பிரயோஜனம்? அந்தப் பழைய படகை நீ ஓட்டிக்கிட்டு வந்தப்பவே தலையால அடிச்சுக்கிட்டேன். எந்தத் துறைமுகத்துல கெடந்ததோ, அடியில என்ன ஒட்டியிருக்கோ, கரையேத்திக் காயப்போடுன்னு. கேட்டியா?

— சீசன்ல படகைக் கரையில போட்டுட்டு நான் வேடிக்கை பாக்கவா? ஏதோ பாசின்னு நெனச்சேன். அது உசிருள்ளதுன்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?

— இதுதான் கடல் பீச்சிங்கற ஜந்துன்னு மீன்வள ஆபீசர் கூட்டம் போட்டு, படம் போட்டுக் காட்டினாரே. தனியாப் பாத்தா கடுகத்தனை, கூட்டமாச் சேந்தா கம்பளி போத்தின மாதிரி மூடிடும்னு. நீயும் வரல, எனக்கு வாச்ச உன் மச்சானும் வரல. ரெண்டும் ஒரே ரகம்.

— நான் கயிறு சொரண்டிக்கிட்டு இருந்தேன். சொரண்டச் சொரண்ட ரெண்டு பங்கா வருது, சனியன்.

— சொரண்டினத எங்க போட்ட?

— கடல்லதான். பின்ன, வீட்டுக்கா கொண்டு போவாங்க?

— அடப்பாவி! பிய்ஞ்சு விழற ஒவ்வொரு துண்டும் போய் ஒட்டிக்கிட்டுத் தனியா வளரும்டா. நீ சுத்தம் பண்ணல, வெதச்சிருக்க!

— யாரும் சொல்லலியே.

— கூட்டத்துல அதைத்தான் தொண்டை கிழியச் சொன்னாங்க. கீழ எட்டிப் பாரு. நண்டு பதுங்கற பொந்து, மீனு முட்டையிடற கல்லு, ஒண்ணாவது தெரியுதா? இந்தப் பீச்சியத் திங்கறதுக்கும் ஒரு ஜீவன் இல்ல. மீனு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போகுது.

— திட்டி முடிச்சுட்டியா? சரி, கேளு. ஓரத்துக் கயிறெல்லாம் இன்னும் முழுசா மூடல. கழுவி எடுத்து, பாறை முனைக்கு அந்தப் பக்கம் உங்க மிதவையில கட்டிக்கறேன். மட்டி அறுப்பு வரைக்கும்தான்.

— ஆகாது.

— அக்கா...

— ஒரு முழக் கயிறு வராது. அப்பா பிரிச்சுக் குடுத்தப்ப பையனுக்குக் காத்தடிக்காத பக்கம், பொண்ணுக்கு அலை மோதற பக்கம்னாரு. நீ வாயத் தொறந்தியா? எத்தனை தடவ அலை மிதவைய அறுத்துக்கிட்டுப் போச்சு! திரும்பத் திரும்ப நானே கட்டினேன். இன்னிக்கு இந்தக் கரையிலயே சுத்தமா இருக்கறது அது ஒண்ணுதான். எனக்குன்னு இருக்கறதும் அது ஒண்ணுதான்.

— கூடப் பொறந்தவன் நடுத்தெருவுல நிக்கலாமா?

— நின்னா வீட்டுக்கு வா, சோறு போடறேன். உக்காந்து தின்னு. என் தண்ணியில மட்டும் கால வைக்காத.

— மச்சானுக்கு உன்ன மாதிரி கல்லு மனசு இல்ல.

— அவரு கெடக்காரு. யார் அழுதாலும் கூட உக்காந்து அழுவாரு. பீச்சி கீச்சின்னு நான் சொன்னா இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுடுவாரு. ஆமா, அந்த மனுஷன் இந்தப் பக்கம் வந்தாரா? காலையில சின்னப் படகை எடுத்துட்டுப் போனவரு, போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கறாரு.

— இந்தக் கயித்தப் பாருக்கா, இது தேறும்.

— டேய், உன்னத்தான் கேக்கறேன்.

— வந்தாருக்கா.

— படகுலயா? இங்கயா? எதுக்கு?

— நான் படற பாட்டைப் பாத்து அவருக்கு மனசு கேக்கல. "உங்கக்கா வந்து கத்தி முடிக்கறதுக்குள்ள வேலைய முடிச்சுடறேன், நீ பேச்சுக் குடுத்துக்கிட்டே இரு"ன்னாரு.

— என்ன வேலை? சொல்லித் தொலைடா!

— பாதிக் கயித்த அவரு ஏத்திக்கிட்டுப் போயிட்டாருக்கா. இங்க கழுவினா திரும்ப ஒட்டிக்குதுன்னு, அங்க தண்ணி சுத்தமா இருக்கேன்னு, உங்க மிதவைக்குப் பக்கத்துலதான் சொரண்டிக் கழுவிக்கிட்டு இருக்காரு.