இங்கே வாழ்ந்தார் ஐசலே

போட மாட்டேன் தம்பி. மேல் மாடிக்காரங்க போட்டாச்சு, கீழ டாக்டர் போட்டாச்சுன்னு நீங்க எத்தன தடவ சொன்னாலும் என் கையெழுத்து கிடையாது. நகராட்சியில இருந்து வந்தா என்ன, பெர்லின்ல இருந்தே வந்தா என்ன? சுவர்ல பலகை மாட்டணும்னா இந்தக் கட்டடத்துல வீடு வச்சிருக்கிற அத்தன பேரும் சம்மதிக்கணும், அதான சட்டம்? நான் சம்மதிக்கல. முடிஞ்சுது.

ஷூவத் துடைச்சிட்டுத்தான வந்தீங்க? சரி, உக்காருங்க. நிமிந்து பாத்துப் பாத்து எனக்குக் கழுத்து வலிக்குது. காப்பியெல்லாம் கிடையாது.

பெரிய எழுத்தாளர்தான், யாரு இல்லன்னா? ரைன்மார் ஐசலேன்னா ஜெர்மனியில பால்பல் விழாத பிள்ளை கூடச் சொல்லும். நீங்களும் அவர் புஸ்தகத்தப் படிச்சு வளந்த ஆளுதான், மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு. செத்து ஒரு வருஷம் ஆகல, அதுக்குள்ள பள்ளிக்கூடத்துக்குப் பேரு வச்சாச்சு, இப்ப இங்கே வாழ்ந்தார்னு பலகை. வைங்க, யாரு வேணாங்கறா? ஆத்துப் பாலத்துல வைங்க. நகர மண்டபத்துல வைங்க. இந்தச் சுவர்ல மட்டும் வேணாம்.

எப்படிப்பட்ட மனுஷனா? என் தலைக்கு மேல வாழ்ந்த ஆளு, என்கிட்டயா கேக்கறீங்க! வாரத்துக்கு ஒரு வீடு படிக்கட்டப் பெருக்கித் துடைக்கணும், உங்க கட்டடத்துலயும் அப்படித்தான? முறை வந்தவங்க கதவுல அட்டை தொங்கும். அந்தாளு கதவுலயும் தொங்கும், அட்டை மட்டும்தான். விளக்கமாறு வெளிய வராது. போயிக் கேட்டா, க்னாப் அம்மா, நான் இப்ப ஒரு டிராகனோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன், அப்படிம்பாரு. டிராகனாம்! அந்த டிராகன் மிதிச்ச படியவும் நான்தான் துடைச்சேன்.

மத்தியானம் ஊரே வாயப் பொத்திட்டு ஓய்வெடுக்கற நேரம் இருக்குல்ல, அப்பத்தான் மேல டைப்ரைட்டர் டக்கு டக்குன்னு அடிக்கும். அதே நேரத்துல கீழ முற்றத்துல ஒரு பிள்ளை பந்தத் தட்டிட்டா போச்சு, ஜன்னலத் திறந்து கத்துவாரு பாருங்க. குழந்தைங்க எழுத்தாளர்! சிவப்பு வார் போட்ட கால்சட்டையோட பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போயி வாசிப்பாரு, பிள்ளைங்க மேல விழுந்து புரளும். வீட்டுக்கு வந்து படியேறும்போது காதுல இருந்து பஞ்ச எடுப்பாரு. என் ரெண்டு கண்ணால பாத்தேன். சிரிக்கறீங்க? அதையும் பலகையில போடுங்க.

பொறாமையா? எனக்கா? அடப் போங்க தம்பி. அந்தாளு கதையெல்லாம் முதல்ல அரங்கேறினதே இந்தச் சமையக்கட்டுலதான். சனிக்கிழமை பயறு வேகற வாசனை மேல போனா போதும், ஒரு கையில காகிதம், இன்னொரு கையில காலித் தட்டு, இறங்கி வந்துருவாரு. பயறு, நூடுல்ஸ், சாசேஜ், எல்லாம் ரெண்டு தட்டு உள்ள போகும். அப்புறம் வாசிப்பாரு. எனக்கில்ல, என் பையன் ஹோல்கருக்கு. அப்ப ஏழு வயசு அவனுக்கு. அவன் சிரிச்சா மேல போயி டைப் அடிப்பாரு, கொட்டாவி விட்டா கிழிச்சு என் அடுப்புல போட்டுருவாரு. வேற எந்தப் பிள்ளை சத்தமும் ஆகாது, இவன் மட்டும் மடியில ஏறி மீசையப் பிடிச்சு இழுக்கலாம். அப்பா இல்லாத பையன். எனக்குப் பெருமையா இருந்துச்சு, ஏன் பொய் சொல்லணும்?

எனக்குப் பையன் இருக்கறதே உங்களுக்குத் தெரியாதா? கீழ டாக்டர் சொல்லலையா? சொல்ல மாட்டாரு. பிரபலமான கட்டடம்னு வீட்டு விலை ஏறுமேங்கற சந்தோஷத்துல இருக்காரு.

எங்க, அந்தப் பலகையோட படத்தக் காட்டுங்க. வாசல் பக்கம் வைக்காம எதுக்கு இவ்வளவு உசரத்துல? ஓ, என் ஜன்னலுக்கு நேர் கீழ. பித்தளையில பையன் உருவம் வேறயா? இறகுப் போர்வை மேல உக்காந்து பறக்கறான். தெரியுது தம்பி, அந்தப் புஸ்தகந்தான அவர ஆளாக்குச்சு.

காலைல எந்திரிச்சா ஜன்னல்ல போர்வையக் காத்துக்குப் போடறது எல்லார் வீட்டுலயும் உள்ளதுதான். அத வச்சு ஒரு சனிக்கிழமை கதை கொண்டு வந்தாரு. உள்ள இருக்கறது வாத்து இறகாம், அதுக்குப் பறந்தது மறக்காதாம், நம்பி மேல உக்காந்தா கிளம்பிருமாம். ஹோல்கர் சிரிக்கல. வாயப் பிளந்து கேட்டான். நிஜமா மாமா? அப்படின்னான். என்ன சொல்லியிருக்கணும்? சும்மா விளையாட்டுக்குடான்னு ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தை வரல அந்த வாயில இருந்து. கண்ணச் சிமிட்டிட்டு, நம்பறவனுக்கு நிஜம்னாரு.

திங்கக்கிழமை பள்ளிக்கூடம் லீவு. நான் அடுப்படியில இருந்தேன்.

ஆமா. இந்த ஜன்னல்தான்.

எழுந்திரிக்காதீங்க. அவரப் பத்திக் கேக்க வந்தீங்கல்ல, முழுசாக் கேட்டுட்டுப் போங்க. அடுத்த வசந்தத்துல அந்தாளு அந்தக் கதைய அச்சுப் போட்டான். ஒரு எழுத்து மாத்தல. புஸ்தகத்துல பையன் ஊரெல்லாம் சுத்திட்டு சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்துர்றான். அத ஆஸ்பத்திரிக்கே கொண்டு வந்தான், முதல் பக்கத்துல கையெழுத்துப் போட்டு. கெர்லிண்ட்னு என்னப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, இதுலயாவது அவன் பறக்கட்டும்னான். நர்ஸுங்க முன்னாடியே அறைஞ்சேன். அதுக்கப்புறம் அந்தாளு சாகற வரைக்கும் ஒரே படிக்கட்டுதான், ஒரு வணக்கம் கிடையாது.

ஹோல்கர் செத்தான்னு யாரு சொன்னா? உள்ள ரூம்ல இருக்கான். தலை நரைச்சிருச்சு. இடுப்புக்குக் கீழ ஒண்ணும் அசையாது, புத்தி அன்னைக்கு எங்க நின்னுச்சோ அங்கயே நிக்குது. அதான் சத்தமாப் பேசாதீங்க. ஐசலேன்னு காதுல விழுந்தா, மாமா வந்துட்டாரான்னு கேப்பான். செத்துட்டார்னு இன்னும் நான் சொல்லல.

நேரமாச்சு, அவனுக்கு வாசிச்சுக் காட்டணும். எதையா? வேற எத? நானும் கடை கடையா ஏறி என்னென்னமோ வாங்கிட்டு வந்து பாத்தேன், தூக்கி எறியறான். அந்த ஒண்ணுதான் வேணுமாம். தினமும் நான்தான் வாசிக்கறேன். பையன் ஜன்னல்ல இருந்து கிளம்பற பக்கம் வந்ததும் கையத் தட்டிட்டு, அம்மா இது நான்தான, இது நான்தானங்கறான். ஆமாடா செல்லம், நீதான்னு சொல்றேன்.

போயிட்டு வாங்க தம்பி. கதவ மெதுவாச் சாத்துங்க.