எர்த்து சரியில்ல

— இல்லக்கா, நான் சார்ஜர் பத்திக் கேக்கத்தேன் வந்தேன். வேற ஒண்ணுமில்ல. நீங்களா ஏதாச்சும் நெனச்சுக்கிட்டா நான் என்ன செய்ய?

— நான் என்னத்த தாயி நெனச்சேன்? டியூசன் புள்ளைகளுக்கு லீவு விட்டுட்டு, அவனியாபுரத்துல இருந்து பஸ்சப் பிடிச்சு இந்தத் தாமரை வீட்டுக்கு வந்திருக்கியே, என்னமோ ஏதோன்னு பதறிப்போயிக் கேட்டேன். மோரு குடிக்கிறியா?

— வேணாம்.

— காப்பி?

— ஒங்க வீட்ல ஒண்ணும் வேணாம்க்கா. கேட்ட கேள்விக்கு பதில் சொல்லுங்க. எங்க கரண்ட்டுக் காருக்கு, வீட்டுச் சுவத்துல மாட்டுறதுக்கு எந்த சார்ஜர் நல்லது?

— அதுக்கு எதுக்கு முத்துமீனா மூஞ்சிய இப்பிடி வச்சிருக்க? வண்டி வாங்கும்போதே ஒரு சார்ஜர் குடுத்திருப்பான்ல. ஏசிக்கு இருக்குற மாதிரி பெரிய பிளக்குல சொருகிட்டாப் போதும். ராத்திரி பூராம் கெடந்தா காலைல ரொம்பியிருக்கும். மச்சான் ஓட்டுற ஓட்டத்துக்கு அது தாராளம்.

— எந்த மச்சான்?

— எந்த மச்சானா? சிவபாண்டி மச்சான்தேன். வேற யாரச் சொல்லுவேன்?

— ‘ஒன் வீட்டுக்காரரு’ன்னு சொல்லலாம்ல.

— அட கொடுமையே! தாய்மாமன் மகன மச்சான்னு கூப்பிடாம சாருன்னா கூப்பிடுவாக? பாவாட கட்டுன காலத்துல இருந்து அப்பிடித்தேன் கூப்பிடுறேன்.

— அதத்தேன் சொல்றேன். பாவாட கட்டுன காலம் முடிஞ்சு போச்சு. இப்ப அவருக்குப் பொண்டாட்டி இருக்கா, ரெண்டு புள்ள இருக்கு. ஆமாவா, இல்லையா?

— ஆமா தாயி, ஆமா. டியூசன்ல கேக்குற மாதிரியே கேக்குறியே. சரி, ஒன் வீட்டுக்காரரு. போதுமா? ஒன் வீட்டுக்காரரு ஓட்டுற ஓட்டத்துக்குப் பெரிய பிளக்கே போதும்.

— அந்தப் பிளக்கு எங்க வீட்லயும் இருக்குக்கா. ‘எர்த்து சரியில்ல மீனா, சொருகுனா தானா நின்னுபோகுது.’ வண்டி வாங்குன நாள்ல இருந்து இதே பாட்டு. அதச் சொல்லித்தானே ஆபீஸ் விட்டதும் நேரா இங்க வந்து, ஒங்க இட்லி மாவு வண்டி சார்ஜர்ல போடுறாரு. வீட்டுக்கு வாரது ராத்திரிச் சோத்துக்குத்தேன்.

— எர்த்து சரியில்லேன்னா ஆபத்துதேன் மீனா. வெளையாட்டு இல்ல.

— எலக்ட்ரீசியன் தவசி அண்ணனக் கூட்டியாந்து காட்டுனேன். ஒரு குண்டு பல்ப வச்சுப் பாத்தாரு. பளிச்சுன்னு எரிஞ்சிச்சு. ‘எர்த்து அருமையா இருக்கும்மா, யாரு சரியில்லேன்னது?’ன்னு என்னயக் கேக்குறாரு. நான் என்ன சொல்லுவேன்? சொல்லுங்க.

— மழை பேஞ்சு மண்ணு ஈரமா இருக்குல்ல. இப்ப எர்த்து நல்லாத்தேன் காட்டும். வெயில் காலத்துல பாரு...

— மதுரையில எப்பக்கா மழை பேஞ்சிச்சு?

— சரி விடு. இப்ப என்னங்குற?

— சார்ஜர் வாங்கப் போறேங்குறேன். பிளக்கு வேணாம். பொட்டி மாதிரி சுவத்துல மாட்டுறது. ஒங்க வீட்ல எத்தன கிலோவாட்டு?

— ஏழு. மாவு வண்டி விடிகாலைல கடைகளுக்குக் கெளம்பணும், சீக்கிரம் ஏறணும்னு போட்டேன்.

— அப்ப எனக்குப் பதினொண்ணு.

— எதுக்குடி பதினொண்ணு? ஒன் வண்டி ஏழுக்கு மேல எடுக்காது. நீ மலை கணக்கா பொட்டிய மாட்டுனாலும் அது குடிக்கிறதத்தேன் குடிக்கும். பதினொண்ணுக்கு மூணு பேஸ் லைன் இழுக்கணும், கரண்ட்டு ஆபீசுக்கு அலையணும். வேண்டாத வேல.

— அலைஞ்சுக்கிறேன். ஒங்க வீட்ல இருக்குறத விட எங்க வீட்ல ஒருபடி மேல இருக்கணும். சின்னதா இருந்தா, ‘மெதுவா ஏறுது மீனா, தாமரை வீட்ல வெரசா ஏறும்’னு மறுபடி இங்கதான வந்து நிப்பாரு?

— ஒனக்கு வேணுங்கிறது சார்ஜர் இல்ல தாயி. அது நல்லாத் தெரியுது.

— தெரியுதுல்ல? தெரிஞ்சா சரி. அந்தப் பொட்டியக் காட்டுங்க, பாத்துட்டுப் போறேன்.

— அது பின்னாடி ஷெட்டுல இருக்கு. இப்பத்தேன் கிரைண்டர் கழுவி விட்டேன். தரையெல்லாம் மாவு. வழுக்கும்.

— பாத்து நடக்கத் தெரியும் எனக்கு.

— வேணாம்னா வேணாம். போட்டோ எடுத்து அனுப்புறேன்.

— ஒரு சார்ஜரப் பாக்குறதுக்கு என்னக்கா இம்புட்டுத் தடுக்குறீங்க? வாசல்ல வண்டி இல்ல. இன்னைக்கு அவரு வரலையா?

— நீதான் பாத்தேல்ல. வாசல்ல இல்லயில்ல.

— வாசல்ல இல்லேங்குறது எனக்கும் தெரியும். வந்தாரா, வரலையா?

— மீனா, மோராச்சும் குடியேன்.

— இருங்க. நானே கேட்டுக்கிறேன். போன் போட்டா எங்க இருக்காருன்னு தெரிஞ்சிரப் போகுது.

— இப்ப எதுக்குப் போனு? ஆபீஸ்ல வேலையா இருக்கும்...

— ரிங்கு போகுது. அக்கா... அது என்ன சத்தம்?

— எது?

— ஒங்க அடுப்படியில.

— அது... என் போனு.

— ஒங்க போன் ஒங்க மடியில கெடக்கு. நான் நிப்பாட்டுறேன், அதுவும் நிக்குது பாருங்க. மறுபடி போடுறேன்... அடிக்குது. அரிசி டப்பாக்குள்ள இருந்துல்ல அடிக்குது! என் வீட்டுக்காரரு போனு ஒங்க அரிசி டப்பாக்குள்ள எப்பிடி வந்துச்சு?

— மீனா, நான் சொல்றத...

— பேசாதீங்க! நானும் எத்தன நாளாக் கவனிக்கிறேன். சாயங்காலம் கூப்பிட்டா மொதத் தடவ எடுக்க மாட்டாரு. ரெண்டாவது தடவ எடுப்பாரு, கொரலு அப்பிடியே எந்திரிச்சு வந்த மாதிரி இருக்கும். ‘என்னங்க, தூங்குறீங்களா?’ன்னா, ‘இல்ல இல்ல, சார்ஜ் ஏறுது’ம்பாரு. புள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுத்துக்கிட்டே எரிஞ்சுக்கிட்டு இருப்பேன்க்கா. ஏழெட்டு எம்புட்டுன்னு ஒரு புள்ள கேட்டா எனக்கே மறந்துபோகும்.

— அழாத தாயி.

— அழுகல. ஒரே ஒரு கேள்வி. ஒங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் பேசி முடிச்சிருந்தாகளாமே. வரப்புச் சண்டையில பெரியவுக பிரிச்சு விட்டாகளாமே. அவரு அத மறக்கல. நீங்களும் மறக்கல. ஆமாவா, இல்லையா?

— நான் மறக்கல.

— அப்பச் சரி. நான் வாரேன்.

— நில்லு மீனா! நான் மறக்கலேன்னுதேன் சொன்னேன். அவரு மறக்கலேன்னு சொல்லல. அதுதேன் எனக்கு வயித்தெரிச்சலே. போதுமா?

— என்ன சொல்றீங்க?

— வா எங்கூட. அடுப்படிச் சன்னல் வழியாப் பாரு. செருப்பக் கழட்டிட்டு வா. சத்தம் மட்டும் போடாத.

— எதுக்குச் சத்தம் போடக் கூடாது?

— வாடின்னா வா. ம்... நல்லாக் கிட்ட வந்து பாரு. பின் சந்து வழியா வந்து ஷெட்டுல நிப்பாட்டிருக்காரு. என்ன தெரியுது?

— வண்டி நிக்கிது. ஒயரு சொருகியிருக்கு. உள்ள... உள்ள சீட்டச் சாச்சுப் போட்டு யாரோ... அவருதான்.

— வேற யாரு இருக்கா?

— யாரும் இல்ல.

— நல்லாப் பாத்துக்க. பின் சீட்டையும் பாத்துக்க.

— யாரும் இல்லக்கா. வாயப் பொளந்துகிட்டுத் தூங்குறாரு. சட்டப் பட்டனெல்லாம் அவுத்து விட்டு, சின்னப்புள்ள மாதிரி. என்ன இது?

— இதுதேன் ஒன் எர்த்துப் பிரச்சன. கரண்ட்டுல போட்டுட்டா ஏசி பாட்டுக்கு ஓடும், சத்தமே இருக்காது, கண்ணாடியத் தாண்டி ஒரு ஈ எறும்பு உள்ள போகாது. பாதி நாளு வண்டி ரொம்பித்தேன் இருக்கும். இருந்தாலும் ஒயரச் சொருகிருவாரு, சும்மா படுத்திருக்கோம்னு தெரியக் கூடாதுன்னு.

— வீட்ல கட்டில் இல்லையா?

— வீட்ல ஒன் மாமியாரு டிவி ஒரு பக்கம், டியூசன் புள்ளைக ஒரு பக்கம். ஆபீஸ்ல காலைல இருந்து ‘எங்க ஏரியால நெட்டு வரல’ன்னு ஊரே கூப்பிட்டு அவரத் திட்டுது. ‘கொஞ்ச நேரம் என்னய யாரும் கூப்பிடாம இருந்தாப் போதும் தாமரை’ன்னு சொன்னாரு. போன எங்கிட்டக் குடுத்துட்டுப் போவாரு. அந்தச் சத்தம் கேக்கக் கூடாதுன்னுதேன் அரிசிக்குள்ள பொதச்சு வைக்கிறேன்.

— அப்ப நான் கூப்பிட்டா?

— ‘மீனா கூப்பிட்டா மட்டும் ஓடியாந்து எழுப்பு’ன்னு கண்டிசன். மொதத் தடவ நீ கூப்பிடும்போது நான் டப்பாவத் தேடி ஓடிக்கிட்டு இருப்பேன். ரெண்டாவது தடவ அவரு எடுப்பாரு. ஆபீஸ்காரன் எத்தன தடவ அடிச்சாலும் விட்டுருன்னு சொல்லியிருக்காரு.

— இத எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?

— சொன்னா நீ கோவிச்சுக்கிருவேன்னு பயம். ‘நான் மட்டும் என்ன மெத்தையிலயா கெடக்கேன்?’னு கேப்பியாம். எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாரு.

— கேப்பேன்தேன். ஏன் கேக்க மாட்டேன்?

— மீனா, நீ பொறாமப்பட்டியே, எனக்குச் சிரிப்பு வந்துச்சு தாயி. நான் கட்டுனவன் நாலே மாசத்துல என்னய வேணாம்னு தீத்துவிட்டுப் போனான். அப்புறம் இந்த வீட்ல ஒரு ஆம்பள வண்டின்னு வந்து நின்னது இதுதேன். தெனம் காப்பி போட்டு வைக்கிறேன். ஒருநாளு உள்ள வந்து குடிச்சதில்ல. ‘மச்சான், காப்பி’ன்னா, ‘வேணாம், தூக்கம் போயிரும்’பாரு. போனக் குடுப்பாரு, கண்ணாடிய ஏத்திருவாரு. எழுந்திரிச்சாருன்னா ‘மீனா தேடுவா’ன்னு கெளம்பிருவாரு. நான் இந்தச் சன்னல்ல நின்னு ஒன்னய நெனச்சு எரிஞ்சிருக்கேன். என்னத்தக் குடுத்து வச்சவளோன்னு.

— அக்கா...

— ஒண்ணும் வேணாம். சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன். நீ சார்ஜர வாங்கி மாட்டிக்க. ஏழே போதும். அவரு வீட்டுக்கே வந்துரட்டும். எனக்கும் எரிச்சல் விட்டுப்போகும்.

— அந்தச் சீட்டு அம்புட்டுக்குமா சாயும்?

— எந்தச் சீட்டு?

— அவரு படுத்திருக்குறது. நான் ஒக்காந்தா நேராத்தான இருக்கும். கட்டில் மாதிரில்ல சாஞ்சிருக்கு.

— சாயுமே. ஏன், ஒனக்குத் தெரியாதா?

— நான் எங்க சாஞ்சேன்? மடியில ஒண்ணு, பக்கத்துல ஒண்ணு, பின்னாடி அத்தை. அடியாத்தி, எம்புட்டு அழகாத் தூங்குறாரு பாருங்க! நான் இப்பிடித் தூங்கி எத்தன வருசம் ஆச்சு தெரியுமாக்கா? குளிக்கப் போனாக்கூடக் கதவத் தட்டுறாக. ஒங்க மேல பொறாமப்பட்டதெல்லாம் ஒண்ணுமேயில்ல. இப்பத்தேன் எனக்கு நெசமாப் பொறாமையா இருக்கு.

— எழுப்பவா தாயி? கேட்டுரு, நாலு வார்த்த நல்லாக் கேட்டுரு.

— வேணாம், வேணாம். தூங்கட்டும்.

— அப்ப சார்ஜரு? பிளக்கா, ஏழா, பதினொண்ணா? ஒண்ணச் சொல்லு, கடைக்காரன்ட்ட நானே பேசுறேன்.

— ஒரு சார்ஜரும் வேணாம்க்கா. எங்க வீட்ல எர்த்து சரியில்ல. அவரு எந்திரிச்சதும் சொல்லிருங்க: நாளையில இருந்து டியூசன் புள்ளைகள அவரு பாத்துக்கிறணும், சார்ஜ் போட வண்டிய நாந்தேன் கொண்டாருவேன்.