நகத்தளவு இரும்பு

டீயெல்லாம் வேணாம்ண்ணே, குடிச்சுட்டுத்தான் வாரேன். சரி, அக்கா போட்டுட்டாங்கன்னா குடுங்க. ஆனா நீங்க மொதல்ல உக்காருங்க. நீங்க நின்னுக்கிட்டே இருந்தா எனக்குப் பேச வராது. பத்து நிமிசம்தான். காலங்காத்தால அன்னவாசல்லேருந்து குளத்தூருக்கு பைக்குல வந்திருக்கேன், சும்மா வருவேனா?

ஒங்க ஜீப்பு எப்படிப் போகுது? பிரேக்கு?

பிடிக்கும்ண்ணே. நான் முன்னாடி டிஸ்க்கு பிரேக்கு போட்டுக் குடுத்தா பிடிக்காம என்ன செய்யும். பழைய டிரம் பிரேக்குக்குள்ள தண்ணி பூந்துருச்சுன்னா ரெண்டு காலையும் வச்சு மிதிச்சாலும் நிக்காது. இப்ப லேசா கால வச்சாலே நிக்குதுல்ல? அதுல ஒரு கொறையும் இல்ல. பிரேக்கப் பத்தி நான் பேச வரல.

நேத்து ஜும்மா முடிஞ்சு வந்து போனப் பாத்தா ஒங்க ஸ்டேட்டஸ். நாளைக்குப் பச்சமலைன்னு போட்டு, ஜீப்பு முன்னாடி நீங்க எல்லாரும் நின்ன போட்டோ. எத்தன பேரு போறீங்க? மாமியாருமா? அப்ப புள்ளைங்களோட அஞ்சு பேரு. முன்னாடி சீட்டுல யாரு உக்காருவா? ம். பாப்பாவ மடியில வச்சுக்கிட்டு அக்கா. ம்.

இல்ல, சும்மா கேட்டேன்.   

நான் என்ன சொல்றேன்னா, வண்டிய ஒரு நாலு நாளு ஷெட்டுல விடுங்க. ஒரு தடவ பிரிச்சுப் பாத்துட்டுத் தாரேன். இன்னைக்கு முடியாதா? ஆமா, முடியாதுதான். புள்ளைங்க ராத்திரியெல்லாம் தூங்கியிருக்காதுங்க. ஏழு மணிக்குக் கெளம்பணும்னா இன்னும் நேரம் இருக்குல்ல. சாமான அப்பறம் ஏத்திக்கலாம், வாசலுக்குப் போகாதீங்க. இங்கிட்டே உக்காருங்க. நான் சொல்லிடுறேன்.

ரகுநாத்த ஒங்களுக்குத் தெரியும்ல? புதுக்கோட்டையில பேங்க்ல இருக்காரே, மூக்குக்கண்ணாடி. ஒங்க வண்டி ஷெட்டுக்கு வந்தப்ப அவரு வண்டியப் பாத்துட்டுத்தானே எனக்கும் இதே மாதிரி வேணும் பாய்னு கேட்டீங்க. அவரேதான். ஞாயித்துக்கிழமையானா அவங்க ஒரு அஞ்சாறு ஜீப்பு, நார்த்தாமல பக்கம் கைவிட்ட கல்லு குவாரி ஒண்ணுல ஏத்தி எறக்குவாங்க. போன ஞாயிறு என்னையும் கூப்பிட்டாரு. நீங்க போட்ட பிரேக்கு எப்படிப் பிடிக்குதுன்னு வந்து பாருங்க பாய்ன்னாரு. எனக்கும் ஆசதான். நம்ம செஞ்ச வேலைய நாலு பேரு பாக்குறாங்கன்னா யாருக்குத்தான் ஆச இருக்காது.

பின் சீட்டுல நான். முன்னாடி அவரு தங்கச்சி கலைமதி. காலேஜுல பாடம் எடுக்குற புள்ள. லீவுக்கு வந்திருந்துச்சு.

குவாரிக்குள்ள எறங்குற பாதை எப்படின்னா, வலது கைப்பக்கம் பாறைச் சுவரு, இடது பக்கம் பள்ளம். அறுபது எழுவது அடி. கீழ மழத்தண்ணி பச்சையாக் கெடக்கு, ஆழம் யாருக்கும் தெரியாது. ஒரு வண்டி போற அகலம்தான். நடுவுல ஒரு வளைவு, வலது பக்கம் ஒடிக்கணும். மொதத் தடவ எறங்குனோம், ஒண்ணுமில்ல. ரெண்டாவது தடவ ரகுநாத் சிரிச்சுப் பேசிக்கிட்டே வளைவுல ஒடிக்கிறாரு, அடியில டொக்குன்னு ஒரு சத்தம். பெரிய சத்தமெல்லாம் இல்லண்ணே. பலகையில சுத்தியல வச்சாப்புல. வண்டி திரும்பல. ஸ்டீரிங்கு திரும்புது, வலது வீல் திரும்புது, இடது வீல் மட்டும் நேரா பள்ளத்தப் பாத்துப் போகுது.

அவரு பிரேக்க மிதிச்சாரு. நின்னுச்சு. எந்த எடத்துல நின்னுச்சு தெரியுமா? இடது டயரு பாதி மண்ணுல, பாதி அந்தரத்துல. கலைமதி எட்டிப் பாத்தா நேரா தண்ணிதான்.   அந்தப் புள்ள கையப் பின்னாடி நீட்டி என் மணிக்கட்டப் பிடிச்சுருச்சு. பாருங்க, நகம் பதிஞ்ச எடம் இன்னும் ஆறல.

ரகுநாத் கால எடுக்கல. எடுத்தா போச்சு. பாய், பாய்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருக்காரு. நான் குனிஞ்சு ரெண்டு சீட்டுக்கும் நடுவுல கையவிட்டு ஹேண்ட் பிரேக்க இழுத்தேன். அப்பறம் அந்தப் புள்ளய அக்குளுல கையக் குடுத்து சீட்டுக்கு மேலயே பின்னாடி தூக்குனேன். நாங்க ரெண்டு பேரும் பின்பக்கமா எறங்குனதும் வண்டி லேசா முன்னாடி சாஞ்சுச்சு பாருங்க, என் உசுரு என்கிட்ட இல்ல. ரகுநாத் இன்னும் உள்ள. பின்னாடி வந்த வண்டிலேருந்து கயிறு போட்டு இழுத்துப் பிடிச்சப்பறம்தான் அவரு கால எடுத்தாரு. 

ஆமாண்ணே, பிரேக்குதான் காப்பாத்துச்சு. நீங்களும் அதையே சொல்றீங்க. எல்லாரும் அதையேதான் சொன்னாங்க. திங்கக்கெழம அண்ணனும் தங்கச்சியும் ஷெட்டுக்கே வந்துட்டாங்க. தட்டுல பழம், சால்வை. பக்கத்து டீக்கடையில இருந்தவங்களையெல்லாம் கூப்பிட்டு, பரீது பாய் கையாலதான் நாங்க உசுரோட இருக்கோம்னு சொல்லி எனக்கு சால்வையப் போத்துனாரு ரகுநாத். கைதட்டுனாங்க. கிரீஸு கையோட நின்னேன். அவங்க போனதும் அந்த சால்வையக் கழட்டி டூல்ஸ் பெட்டிக்குள்ள போட்டு மூடிட்டேண்ணே.

ஏன்னா வண்டிய மேல இழுத்துப் போட்டதுமே நான்தான் அடியில படுத்துப் பாத்தேன். நீங்க ஸ்டீரிங்க திருப்புனா வீல இழுத்துத் திருப்ப ஒரு இரும்புக் கை இருக்கும், வீலுக்குப் பின்னாடி. ஸ்டீரிங் ஆர்ம்னு சொல்றது. அது ரெண்டா ஒடைஞ்சு தொங்குது. கல்லு பட்டுருச்சா பாய்னு மேலேருந்து ரகுநாத் கேட்டாரு. ஆமான்னு சொன்னேன்.

அந்த ஒத்த வார்த்ததான். நான் யோசிச்சுச் சொல்லல, வாய் தானா சொல்லிருச்சு. கலைமதி மட்டும் கெளம்புறப்ப ஷெட்டு வாசல்ல நின்னு கேட்டுச்சு. எந்தக் கல்லு பாய்? நான் அந்த எடத்துல எறங்கித்தானே நின்னேன், அங்க கல்லே இல்லையேன்னுச்சு. சண்டைக்குக் கேக்கல, தெரிஞ்சுக்கத்தான் கேட்டுச்சு. நான் ஸ்பானரத் தேடுற மாதிரி உள்ள போயிட்டேன்.

கல்லெல்லாம் படலண்ணே.

பழைய ஜீப்புல முன்னாடி டிஸ்க்கு போட ரெண்டு வழி. முன் வீலு ரெண்டையும் பிடிச்சிருக்குற ஆக்சிலையே கழட்டிப் போட்டுட்டு புது வண்டி ஆக்சில மாட்டலாம். அப்படி மாட்டுனா ஸ்டீரிங்கும் மாறிப்போயிரும். இல்லாட்டி கம்பெனி குடுத்த ஸ்டீரிங்கத் தொடாம, டிரம்ம மட்டும் எடுத்துட்டு, தகடு வெட்டி பிராக்கெட் அடிச்சு டிஸ்க்க உக்கார வைக்கலாம். ரகுநாத்து ஸ்டீரிங்கத் தொடாதீங்க பாய்ன்னாரு. கல்லு மேல ஏறுறப்ப எந்த வீலு எங்க நிக்குதுன்னு எனக்குக் கையிலயே தெரியுது, அது மாறக்கூடாதுன்னாரு. சரின்னு செஞ்சேன். எல்லாம் உக்காந்துச்சு. கடைசியில டிஸ்க்கக் கவ்விப் பிடிக்கிற அந்தக் காலிப்பரு மட்டும் உக்கார மாட்டேங்குது. ஸ்டீரிங் ஆர்ம் இடிக்குது. எவ்வளவு? இந்தா, இந்தச் சுண்டு வெரலு நகம் அளவு.

பிராக்கெட்ட மறுபடி வேற அளவுல வெட்டி, காலிப்பர அங்கிட்டுத் தள்ளி மாட்டியிருக்கணும். அதுதான் மொற. லேத்துக்காரருகிட்டக் கேட்டா பத்து நாளு ஆகும்னாரு. ரகுநாத்துக்கு அந்த ஞாயித்துக்கிழமையே வண்டி வேணும். கிரைண்டரு பக்கத்துலயே கெடந்துச்சு.

தேச்சுட்டேன்.

ரெண்டு நிமிசம்கூட ஆகல. ஆர்ம்ல நகத்தளவு தேச்சேன், காலிப்பரு ஜம்முனு உக்காந்துச்சு. மேல பெயிண்ட அடிச்சேன். கட்டை வெரலு தடிமனுக்கும் மேல இருக்குற இரும்பு, நகத்தளவு போனா என்ன ஆயிரப் போகுதுன்னு நெனச்சேன். தொழிலுக்கு வந்து இருவத்திரெண்டு வருசம் ஆச்சு. ஸ்டீரிங்கு இரும்புல கிரைண்டர வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? தெரியும்ண்ணே. தெரிஞ்சுதான் வச்சேன்.

ஒடைஞ்ச துண்ட எடுத்துப் பாத்தேன். நான் தேச்ச எடத்துலயே ஒடைஞ்சிருக்கு. பாதி கறுப்பா இருந்துச்சு, பாதி பளபளன்னு இருந்துச்சு. பளபளன்னு இருக்குறது அன்னைக்கு ஒடைஞ்சது. கறுப்பு பழைய வெடிப்பு. அதுக்குள்ள துரு ஏறியிருக்கு. அப்படின்னா எத்தன நாளா வெடிச்சுக்கிட்டே இருந்திருக்கு! அந்தப் புள்ள அந்த வண்டியில ரெண்டு தடவ திருச்சி போயிட்டு வந்திருக்கு.

என்னண்ணே அப்படிப் பாக்குறீங்க.

ஆமா.

ஆமாண்ணே, ஒங்க வண்டியும்தான். ஒங்களுக்கு வேற வழியில செஞ்சேன்னு பொய் சொல்ல வரல. அதே பிராக்கெட்டு, அதே எடம். ரகுநாத் வண்டி மூணு மாசம் நல்லா ஓடுனதால எனக்கு பயம் விட்டுப்போச்சு, ஒங்களுதுல இன்னும் கொஞ்சம் தாராளமாவே தேச்சேன். மொத்தம் ரெண்டே வண்டிதான். ஒண்ணு ஒடைஞ்சுருச்சு. இன்னொண்ணு ஒங்க வாசல்ல நிக்குது.

திட்டுங்க. அடிக்கணும்னாலும் அடிங்க. அக்காவுக்குக் கேக்கணும்னுதான் நானும் சத்தமாவே சொன்னேன்.

முந்தாநேத்து ஒங்களுக்கு போன் பண்ணுனேன்ல? பிரேக் ஆயிலு பாத்துக்கங்கண்ணேன்னு சொல்லிட்டு வச்சேனே. இதச் சொல்லத்தான் அடிச்சேன். ஒங்க கொரலக் கேட்டதும் பிரேக் ஆயிலுக்குத் தாவிட்டேன். அதுக்கு முன்னாடி நாளு நம்பர அடிச்சுட்டு, ரிங்கு போறதுக்குள்ளயே கட் பண்ணிட்டேன். ஆறு நாளா இப்படித்தான். கண்ண மூடுனா அந்தச் சத்தம்தான், டொக்குன்னு. ரோட்டுல எந்த ஜீப்பு போனாலும் ஒங்க வண்டியான்னு பாக்குறேன். நேத்து அந்த போட்டோவுல பாப்பா முன் டயரு மேல ஏறி நின்னு சிரிக்குது. அதப் பாத்தப்பறம்தான் என் வீட்டுக்காரி அஜீசாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன்.  அவதான் காலையில எழுப்பி, பைக்கு சாவிய எடுத்துக் கையில வச்சா.

இங்கேருந்து நேரா ரகுநாத் வீட்டுக்குத்தான் போறேன். அந்தப் புள்ளைக்கும் பதிலு சொல்லணும். ஒங்க வண்டிக்குப் புது ஆர்ம் வாங்கி, பிராக்கெட்ட மொறையா வெட்டி, நீங்க வேற எந்த மெக்கானிக்க வேணும்னாலும் கூட்டிட்டு வந்து காமிச்சப்பறம் எடுத்தாப் போதும். அதுவரைக்கும் வாசக் கேட்டத் தாண்டிக்கூட உருட்டக் கூடாது.

என்ன சொல்லுது பாப்பா வெளியிலேருந்து? டயருல காத்து இல்லையாமா?

ஆமாண்ணே. ஒண்ணுல மட்டுமில்ல, நாலுலயும் காத்து இருக்காது. நான்தான் எறக்கி விட்டேன். ஒங்க கதவத் தட்டுறதுக்கு முன்னாடியே நாலு டயருலயும் வால்வப் பிடுங்கிக் காத்த எறக்கிட்டுத்தான் உள்ள வந்தேன். எனக்கு என்னையவே நம்பிக்க இல்லண்ணே. ஒங்க மூஞ்சியப் பாத்ததும், டீயக் குடிச்சுட்டு பிரேக்கு நல்லாருக்கான்னு மட்டும் கேட்டுட்டுத் திரும்பிப் போயிருவேனோன்னு.