இரண்டு அப்பாமாரும் ஒரு காட்டெருமையும்

நிசாந்தினி: எயார்போட்டில சப்பாத்தையுமா கழட்டி வாங்கினவை?

அப்பா: ஓம் பிள்ளை. ஆப்பிரிக்கா மண் ஒட்டியிருக்காம். உள்ளுக்குக் கொண்டுபோய் நல்லாக் கழுவி, ஈரத்தோட ஒரு பையில போட்டுத் தந்தினம். என்ர சப்பாத்தை இதுக்கு முதல் ஆரும் கழுவித் தந்ததில்லை.

நிசாந்தினி: அதுதான் இவ்வளவு நேரம் வாசல்ல நிண்டனான்... கிரஹாம் அங்கிள் எங்க? அவரையும் ஏத்திக்கொண்டு போய் குமியூவில அவற்ற தோட்டத்தில விடலாமெண்டு பார்த்தன்.

அப்பா: அவர் டாக்சி பிடிச்சிட்டார். டேவிட் வரேல்லையோ தகப்பனைக் கூப்பிட?

நிசாந்தினி: அவனுக்கு... வேலையாக்கும். பெல்ட்டைப் போடுங்கோ அப்பா.

அப்பா: போட்டிட்டன். நீ றோட்டைப் பார்.

நிசாந்தினி: சரி, சொல்லுங்கோ. வீட்டில சிலந்தி வந்தாலும் கிளாசால மூடி வெளியில விடுற இரத்தினசிங்கம், சிம்பாப்வேயில என்னத்தை வேட்டையாடினவர்?

அப்பா: நான் எங்க வேட்டையாடினது? நான் பார்வையாளன். அங்க அப்பிடித்தான் சொல்லுறவை. கிரஹாம் துவக்குக்காரர். ரூடி எண்டு ஒரு வழிகாட்டி. அவனுக்கு முன்னால தடம் பார்த்துக்கொண்டு போறவர் தெண்டாய். கடைசியா பைனாகுலரோட உன்ர கொப்பர்.

நிசாந்தினி: சொந்த மகன் வரமாட்டன் எண்டிட்டான். உடன சம்பந்தியாகப் போறவரைக் கேட்டிருக்கிறார். நீங்களும் மாட்டன் எண்டு சொல்லத் தெரியாமல்...

அப்பா: மகளைக் குடுக்கிற வீடு. மனிசி செத்த பிறகு அந்த மனிசன் ஆசைப்பட்ட ஒரே விசயம் இந்தப் பயணம். தனியப் போகச் சொல்லுறதோ?

நிசாந்தினி: அப்பா, ஒரு விசயம்...

அப்பா: என்ன?

நிசாந்தினி: ஒண்டுமில்லை. சொல்லுங்கோ.

அப்பா: முதல் ஒரு இம்பாலா மான். பள்ளத்துக்கு அங்கால நிண்டது. மூண்டு காலுள்ள தடியொண்டை ரூடி நட்டுப் பிடிக்க, கிரஹாம் அதில துவக்கைச் சாத்தி ஒரு வெடி. நிண்ட இடத்திலயே விழுந்தது. பிறகு எல்லாரும் அதுக்குப் பக்கத்தில தொப்பியைக் கழட்டிப்போட்டு நிண்டவை. அது எனக்குப் பிடிச்சது. பாதி இறைச்சி பக்கத்துக் கிராமத்துக்குப் போயிட்டுது, மிச்சம் முகாமில கறி.

நிசாந்தினி: நீங்கள் சாப்பிட்டனீங்களோ?

அப்பா: அண்டைக்கு வெள்ளிக்கிழமை.

நிசாந்தினி: சனிக்கிழமை?

அப்பா: ...அம்மாட்டச் சொல்லாதை.

நிசாந்தினி: அப்பா...

அப்பா: அம்மாட்டச் சொல்ல ஏலாதது இன்னொண்டும் இருக்கு. காத்து எந்தப் பக்கம் அடிக்குதெண்டு பார்க்க, தெண்டாய் ஒரு சின்னச் சீலைப் பையில சாம்பல் வைச்சிருப்பார். தட்டினா சாம்பல் பறக்கும். நாங்கள் காத்துக்கு எதிர்ப்பக்கமா நடக்க வேணும், இல்லாட்டி மிருகத்துக்கு எங்கட மணம் போயிடும். ஒருநாள் ஆத்தைக் கடக்கேக்க அந்தப் பை நனைஞ்சுபோச்சு. எல்லாரும் யோசிச்சுக்கொண்டு நிக்கினம். நான் பொக்கற்றுக்குள்ள இருந்து திருநீற்றுப் பையை எடுத்துக் குடுத்தன்.

நிசாந்தினி: மாவிட்டபுரம் கோயில் திருநீறா? அம்மா பத்திரமா வைச்சுத் தந்ததா?

அப்பா: நல்லாப் பறந்துது. தெண்டாய் கேட்டார், இது என்ன மரத்துச் சாம்பலெண்டு. மாட்டுச் சாணி எண்டன். தங்கட ஊரிலயும் மாட்டை அப்பிடி மதிக்கிறவை எண்டு சொல்லி, கொஞ்சம் வாங்கி வைச்சிருக்கிறார்.

நிசாந்தினி: உங்களுக்கு அங்க பிடிச்சுப்போச்சு போல.

அப்பா: காலமை வெளிக்கிட்டு நடக்கிறது பிடிச்சுது. கொல்லுறதை என்னால ரசிக்க ஏலாது, அதை அவருக்கும் சொன்னன். ரசிக்கச் சொல்லி நானும் கேக்கேல்லை, கூட வா எண்டுதான் கேட்டனான் எண்டார்.

நிசாந்தினி: அவர் காட்டெருமைக்கெண்டுதானே போனவர்? கிடைச்சதோ?

அப்பா: கிடைச்சுது. ஆனா அது... நல்ல மாதிரி நடக்கேல்லை.

நிசாந்தினி: ஏன், என்ன நடந்தது?

அப்பா: தண்ணி குடிக்கிற இடத்தில விடியவே தடம் கண்டினம். கூட்டத்தை விட்டுப் பிரிஞ்ச கிழட்டு எருமை, தனிய. மத்தியானம் மட்டும் பின்னால நடந்தம். ஒரு முள்ளுப் பத்தைக்குப் பக்கத்தில நிழலுக்கு நிண்டது. உடம்பெல்லாம் காய்ஞ்ச சேறு. ரூடி தடியை நட்டான். கிரஹாம் துவக்கைச் சாத்தினார். மானை ஒரே வெடியில விழுத்தின மனிசன்... கை நடுங்கிறது எனக்குப் பின்னால இருந்தே தெரிஞ்சுது. வெடி வயித்தில பட்டுட்டுது. எருமை பத்தைக்குள்ள ஓடிட்டுது.

நிசாந்தினி: விட்டிட்டு வந்தனீங்களோ?

அப்பா: விட ஏலாது. காயப்படுத்தினா தேடிப்போய் முடிக்க வேணும், அது அங்கத்தையச் சட்டம். அதோட காயப்பட்ட எருமை ஓடி ஒளியாது. சுத்தி வந்து, வந்த வழியையே பார்த்துக்கொண்டு நிக்குமாம். கிரஹாம் தானும் வாறன் எண்டார். ரூடி அவற்ற கையைப் பார்த்திட்டு, நீங்கள் ரெண்டு பேரும் இந்த மரத்தை விட்டு அசையக் கூடாது எண்டு சொல்லிப்போட்டு, தெண்டாயோட உள்ளுக்குப் போனான்.

நிசாந்தினி: நீங்களும் அவரும் தனியவா?

அப்பா: ஓம். ஒரு சத்தமும் இல்லை. நான் தேவாரம் சொல்ல வெளிக்கிட்டன், பாதியில மறந்துபோச்சு. அவர் பக்கத்தில இருந்து அழுதார். பெரிய தோட்டக்காரன், என்னைவிட ஒரு முழம் உயரம். நான் அவற்ற கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன்.

நிசாந்தினி: எருமைக்காகவா அழுதவர்?

அப்பா: ...அதுக்காகவும்தான். தன்ர பிழையால இன்னொருத்தன்ர பிள்ளை உள்ளுக்குப் போயிட்டான் எண்டார்.

நிசாந்தினி: பிறகு?

அப்பா: ரெண்டு வெடி கேட்டுது. பிறகு எருமை கத்திச்சுது, நீளமா. சாகிறதுக்கு முதல் அப்பிடித்தான் கத்துமாம். கொஞ்சத்தால தெண்டாய் தப்பினவர். நேர அவரைப் பார்த்துத்தான் வந்திருக்கு. கடைசி நேரத்தில ரூடி விழுத்திட்டான். வெளியில வந்த உடன கிரஹாம் தெண்டாயிட்டப் போய் மன்னிப்புக் கேட்டார். அவர் தண்ணிப் போத்திலை எடுத்து இவரிட்ட நீட்டினார்.

நிசாந்தினி: கொம்பு வருமோ? சுவரில மாட்டப் போறதெண்டு டேவிட்டுக்குச் சொன்னவர்...

அப்பா: வேண்டாமெண்டிட்டார். அதுக்குப் பிறகு துவக்கையும் தொடேல்லை. மிச்ச நாளெல்லாம் தண்ணிக் கரையில இருந்து வாற போற மிருகங்களைப் பார்த்தம். நான் அவையளுக்கு எங்கட முன்னூற்றி நாலு சீட்டாட்டம் பழக்கினன். தெண்டாய் கெட்டிக்காரன், ரெண்டாம் ஆட்டத்திலயே என்னை விழுத்திட்டார். ...ஏன் பிள்ளை இஞ்சால திருப்புறாய்? இது ஒனிஹங்காவெல்லே? அம்மா கிளென் ஈடன் வீட்டில சோத்தோட பார்த்துக்கொண்டு இருப்பா.

நிசாந்தினி: கடற்கரைப் பக்கம் கொஞ்சம் நிப்பாட்டுறன். வீட்டை போக முதல் ஒண்டு சொல்ல வேணும்.

அப்பா: நிப்பாட்டு.

நிசாந்தினி: கோவிக்கக் கூடாது.

அப்பா: சொல்லு.

நிசாந்தினி: டேவிட் லண்டன் போறான். நான் போகேல்லை. கலியாணம்... இல்லையப்பா. நீங்கள் போய்க் கொஞ்ச நாளையிலயே கதைச்சு முடிச்சிட்டம். ஒருத்தரும் ஒருத்தரையும் ஏமாத்தேல்லை. கனகாலமா ரெண்டு பேருக்கும் உள்ளுக்குத் தெரிஞ்சதுதான். அம்மாட்டயும் இன்னும் சொல்லேல்லை. நீங்கள் போன் எடுக்கேக்க எல்லாரும் சுகம் எண்டு பொய் சொன்னன். எனக்காகத்தானே அந்தக் காட்டுக்குள்ள போய் நிக்கிறீங்கள்... எப்பிடிச் சொல்லுறது?

அப்பா: அழாதை.

நிசாந்தினி: அந்த எருமை உங்கட பக்கம் வந்திருந்தா நான் என்ன செய்திருப்பன்? நடக்காத ஒரு கலியாணத்துக்காக...

அப்பா: எனக்குத் தெரியும் பிள்ளை. அந்த வெடி பிழைச்சதுக்கு முதல் நாள் பின்னேரம் முகாமுக்கு ரேடியோவில தகவல் வந்து, கிரஹாம் பக்கத்துப் பண்ணைக்குப் போய் டேவிட்டோட போன்ல கதைச்சவர். மரத்தடியில இருக்கேக்க எனக்குச் சொன்னார். சொல்லிப்போட்டுத்தான் அழுதவர், மகள் ஒருத்தி வாறாள் எண்டு இருந்தனான் எண்டு. நான் அண்டைக்கே வெளிக்கிட நிண்டன். அவர்தான் மறிச்சவர். உன்ர பிள்ளை தன்ர வாயால சொல்லட்டும், நீ முந்திக் கேட்டு அவளைச் சங்கடப்படுத்தாதை எண்டார். அதுக்குப் பிறகு நான் அந்தப் பண்ணையில இருந்து போன் எடுத்தது உன்ர குரலைக் கேக்கத்தான். அம்மாவுக்கு நாங்கள் ரெண்டு பேருமாச் சொல்லுவம்... ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டை சாப்பிட வரச்சொல்லியிருக்கிறன். உனக்குக் கஷ்டமெண்டா அண்டைக்கு நீ எங்கயாவது போயிட்டு வா, நான் ஒண்டும் நினைக்கமாட்டன். ஆனா எனக்கு அந்த மனிசனை விட ஏலாது.