நத்தைக் கல்

படபடவென்று அறுபது சோடிப் புறாக்கள் ஒன்றாய் எழும்பும் சத்தம். அதைக் கேட்டுத்தான் ரொம்பக் காலத்துக்கு முன்னே ஆலங்கொல்லை கண்விழிக்குமாம். எல்லாம் குப்பண்ண மிராசுடைய புறாக்கள். பெரிய வீடு, பெரிய மீசை. அறிவு மட்டும் அந்த அளவுக்கு இல்லை.

அவருடைய புறாமாடத்தைப் பெருக்கியவள் சடைச்சி. அந்த ஊர் வடக்குத் தெருக்காரர்களுக்கெல்லாம் மூதாய் அவள்தான்.

நத்தை ஓடு தின்றால் முட்டை கெட்டிப்படும் என்று எவனோ மிராசு காதில் ஓதினானாம். உடனே குட்டைச் சேற்றிலிருந்து பொடி நத்தைகளை உயிரோடு அள்ளிப் புறாக்களின் இரைத்தட்டில் கொட்டச் சொன்னார். புறா தின்றது. பச்சையாய்க் கழிந்தது. சிறகைத் தொங்கப்போட்டுச் செத்தது. இன்றைக்கு நாலு, மறுநாள் ஆறு.

"உன் கொள்ளிக்கண்ணுதாண்டி!" என்று குதித்தாராம் மிராசு. "வெள்ளிக்கிழமைக்குள்ள சாவு நிக்கலேன்னா உன் பொட்டைப் புள்ளைங்க ரெண்டையும் இழுத்துக்கிட்டு ஊரைவிட்டு ஓடணும்!"

போக இடமில்லை அவளுக்கு. அழுதாளா? அழவில்லையாம். செத்த புறா ஒன்றை அரிவாள்மணையில் கீறினாள். குடல் முழுக்கத் தட்டைப் பூச்சிகள், சின்ன இலைத் துணுக்குகள் மாதிரி, சிவப்பாய் ஒட்டிக்கொண்டு நெளிந்தன. அதை வாழையிலையில் வைத்து, பக்கத்திலேயே ஒரு பிடி உயிர் நத்தையும் போட்டு, சம்பந்திகளோடு உட்கார்ந்திருந்த மிராசு முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

"சாமி, இது நத்தையோட உள்ள போன பூச்சி. தனிக் கூண்டுல கெடக்குற நாலு நொண்டிப் புறாவுக்கும் நான்தான் இரை வைக்கிறேன். வெறும் கம்பு. அதுக கொழுத்துக் கெடக்குதே, என் கண்ணு அதுகளை மட்டும் விட்டுட்டுதா?"

"மாடம் கூட்டுறவ எனக்குப் புறாப் பாடம் சொல்றாளா! நத்தை சுத்தமான இரைடி."

"சுத்தம்னா ஒண்ணைப் பச்சையா முழுங்குங்க சாமி."

"முழுங்குங்களேன் சம்பந்தி, பாப்போம்!" என்று ஒரு கிழவர் சிரித்தாராம்.

வேறு வழியில்லாமல் மிராசு ஒன்றை எடுத்தார். மீசை வரைக்கும் கொண்டுபோனார். அது மெல்லக் கொம்பை நீட்டியது. அவ்வளவுதான், கையை உதறிவிட்டு, தின்ற சோற்றையெல்லாம் முற்றத்தில் கக்கினாராம் அந்த வீராதி வீரர்.

சடைச்சி அன்றைக்கே தட்டைக் கவிழ்த்தாள். வெள்ளிக்கிழமை வந்தது. போ என்று சொல்ல மிராசுக்கு வாய் வரவில்லை. பத்துப் பதினைந்து நாளில் சாவும் நின்றது.

அதற்கப்புறம் ஆலங்கொல்லையில் நத்தை ஓட்டைச் சுட்டுப் பொடித்துத்தான் புறாவுக்கு வைப்பார்கள். சுடுகிற இடம் குட்டைக்கரையில் கிடக்கும் தட்டைக்கல். யாராவது யார்மேலாவது கண்ணேறு என்று பழி போட்டால், போட்டவரை அந்தக் கல்லில் உட்காரவைத்து, உயிர் நத்தை ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். இதுவரை ஒருவரும் முழுங்கியதில்லையாம்.

குப்பண்ண மிராசு அந்த வருஷமே மகள் வீட்டோடு போய்விட்டார். அங்கேதான் செத்தார்.