சனிக்கிழமை மூட்டாத உலை

தொலைநோக்குங்கிற வார்த்தையை மொதல்ல அடிங்க தம்பி. எங்க அண்ணன் முருகானந்தத்துக்குக் கண்ணாடி இல்லாட்டி எதிர்ல நிக்கிற ஆளே தெரியாது.

பொன்விழா மலர் நாளைக்கு அச்சுக்குப் போவுதுதான். அதுக்காக, மொதப் பம்பை அவரு வடிவமைச்சாருன்னு எழுதிடலாமா? அண்ணனும் நானும் அவரு மாமனார் வீட்டுப் பம்பைக் கழட்டிப் பார்த்தோம். திருப்பி மாட்டத் தெரியல. அதனால புதுசா ஒண்ணு செய்ய வேண்டியதாப் போச்சு. அதாங்க கம்பெனி.

எம் பேரா? உத்திராபதி. அது இருக்கட்டும். பதினொண்ணாம் பக்கத்துக்கு வாங்க, அதுக்குத்தான் வரச் சொன்னேன். சனீஸ்வரன் மேல உள்ள பக்தியால நிறுவனர் சனிக்கிழமை உலை மூட்டுறதில்லன்னு போட்டிருக்கீங்க. அவரு திருநள்ளாறு போனதே மூணு தடவை. அதுல ரெண்டு, பம்பு ரிப்பேருக்கு.

அந்த எடத்துல கோவிந்தராசுன்னு ஒரு பேர் வரணும். எங்க மொத வார்ப்புக்காரரு.

எழுபத்தெட்டு ஐப்பசி. விழிதியூர் வயலெல்லாம் தண்ணி. வடிக்கப் பம்பு கேட்டு வாசல்ல கூட்டம். பயிரே அழுகினாலும் சனிக்கிழமை இரும்பு வாங்க மாட்டான் நம்மூர்க்காரன். அப்ப வெள்ளிக்கிழமையே குடுத்தாகணும். மழையில மண் அச்சு காயல. ஈர அச்சுல இரும்புக் கொழம்பை ஊத்துனா ஆவி கெளம்பி வெடிக்கும். வெடிச்சுது.

மறுநாள் சனிக்கிழமை கோவிந்தராசை எடுத்தோம். சனிப்பொணம் தனியாப் போகாதுன்னு பாடையில கோழி கட்டுனாங்க. பட்டறை மூடியிருந்துச்சு. அடுத்த சனிக்கிழமையும் அண்ணன் தொறக்கல. அதுக்கு அடுத்ததும் தொறக்கல. யாரோ வந்தவங்க, பகவானுக்காகவான்னு கேட்டாங்க. அவரு இல்லைன்னு சொல்லல. அப்புறம் வருஷா வருஷம் கம்பெனி காலண்டர்லயும் அப்படியே அடிச்சாச்சு.

தெரியுங்க, அண்ணன் மகனுக்குச் சம்மதமில்ல. செத்துப்போன அப்பாவுக்குக் கெட்ட பேரு வந்துடும்ங்கிறான். வராதுன்னு நான் சொல்லிக்கிறேன். நீங்க எழுதிக்குங்க. இன்னும் ஒரு நாள் காயட்டும்யான்னு கோவிந்தராசு ரெண்டு தடவை சொன்னாரு.

யாருகிட்டயா?

அண்ணன் அன்னிக்கு ஊர்லயே இல்லீங்க. பட்டறையில இருந்த மொதலாளி நான் ஒருத்தன்தான்.